முதல் ஷாட் நாடகக் கொட்டகையில்தான்

நடுவர் ஐயா அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, நேரமாகிவிட்டதென்று இப்போதே செருப்பைத் தேடுகிற பின்வரிசை அன்பர்களே, வணக்கம்.

இந்தத் திருவையாற்றில் 1911இல் பிறந்த டி.பி. ராஜலட்சுமியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தால், அதில் பெரிய இடம் நாடக வாழ்வுக்கா, சினிமா வாழ்வுக்கா? இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி பேசினார்: "முதல் தமிழ்ப் பேசும்படத்தின் கதாநாயகி, தமிழின் முதல் பெண் இயக்குநர், இதற்கு மேல் என்ன வேண்டும்?" நீங்கள் கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் தம்பி, நம்மூர் அசோகா அல்வாவைச் சாப்பிட்டுவிட்டு நெய் வாசத்தையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? உள்ளே குழைந்து கிடக்கிற பாசிப்பருப்பை யார் பேசுவது?

நாடகம் காற்றோடு போய்விடும், சினிமா நிலைக்கும் என்றார். சரி, தம்பி சொன்ன அந்த முதல் பேசும்படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31இல் வெளியானது. அதன் சுருளைக் கொண்டு வாருங்கள், இந்தத் திரையிலேயே ஓட்டிவிடலாம். வராது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. ஆனால் வள்ளி திருமண நாடகம்? இந்தப் பங்குனியிலும் பக்கத்து ஊர் மாரியம்மன் திடலில் பார்த்தேன். இரவு இரண்டு மணி இருக்கும். நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் உச்சத்தில் நிற்கிறபோது கரண்ட் போச்சு. மைக் செத்தது. வள்ளி வேஷக்காரம்மா ஒரு நொடி ஆர்மோனியக்காரரைப் பார்த்தார். அவர் சுருதியை ஏற்றினார். அந்தம்மா இடது கையைக் காதோரம் வைத்துக்கொண்டு எடுத்தார் பாருங்கள், டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்!

ராஜலட்சுமி காலத்தில் தினமும் இதே கதிதான். மைக்கே கிடையாது. சின்ன வயதில் கல்யாணம், அது நிலைக்கவில்லை. அப்பாவும் போய்விட்டார். அம்மாவோடு திருச்சிக்குப் போன பெண் சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்கிறாள். கடைசி வரிசைக்குக் குரல் போகவில்லை என்றால் அடுத்த நாள் சோறு சந்தேகம். பம்பாயில் இம்பீரியல் சினிமா கம்பெனிக்காரர்கள் பேசும்படத்துக்கு ஆள் தேடியபோது, பாடிக்கொண்டே நடிக்கத் தெரிந்த ஆள் வேறு எங்கே இருந்தார்கள்? மேடையில்தான்.

அந்தக் 'காளிதாஸ்' படத்தில் என்ன பாடினார்? தியாகராஜர் கீர்த்தனை பாடினார். காந்தியின் ராட்டினத்தைப் பாடினார். காளிதாசனுக்கும் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அது நாடக மேடைப் பழக்கம். ராஜா வேஷத்தில் நின்றுகொண்டு தேசபக்திப் பாட்டை அவிழ்த்துவிடுவார்கள், கொட்டகை அதிரும். கேமரா முன்னாலும் அவர் செய்தது அதைத்தான்.

அப்புறம் 'மிஸ் கமலா' படம், 1936. கதையும் அவர், நடிப்பும் அவர், இயக்கமும் அவர். இந்தத் துணிச்சலை சினிமாதான் கொடுத்ததாம்! அதற்கு முன்பே கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தியவர். அவர் நாடகம் பார்க்க ஸ்பெஷல் ரயில் விட்டார்கள். ஒரு பெண் முதலாளியாக உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதும், நடிகர்களை அதட்டுவதும் இந்தக் காவிரிக் கரைக்குப் புதுசில்லை. சினிமாக்காரர்களுக்குத்தான் அது அதிசயம்.

சினிமா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நடுவர் ஐயா. கடைசிக் கால் மணி நேரம் கொடுங்கள், போதும். கேமராவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய இடம் அந்த மாரியம்மன் திடல். 'காளிதாஸ்' படத்தில் ராஜலட்சுமி பாடியதைப் பார்க்க நமக்கு வழியில்லை. அவர் பழகிய மேடை எப்படி மூச்சு விடும் என்பதை அங்கே இன்னமும் படம் பிடிக்கலாம். அந்த வள்ளி வேஷக்காரம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, சீக்கிரம் போங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். உட்காருகிறேன், தம்பி அசோகாவை இந்தப் பக்கம் தள்ளட்டும்.