இரண்டு மருந்து, ஒரே குளிசை

சபையோரே, உங்கள் வீட்டு அலுமாரிகளில் 625 என்ற குளிசை அட்டை எங்காவது கிடக்கும். அந்த 625 ஒரே மருந்தின் அளவல்ல. அமொக்ஸிசிலின் 500 மில்லிகிராம், கிளாவுலானிக் அமிலம் 125 மில்லிகிராம். கிருமியைக் கொல்வது முன்னது. பல பற்றீரியாக்கள் பீற்றா லாக்டமேஸ் என்ற நொதியத்தைச் சுரந்து அமொக்ஸிசிலினைச் சிதைத்துவிடும். கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியத்தில் போய் ஒட்டி அதை முடக்கும். தனியே கொடுத்தால் அதனால் பெரிய பயனில்லை.

625 முடிந்துவிட்டது, 375இல் இரண்டைப் போடுவோம் என்பார்கள். கணக்குப் பாருங்கள்: 375இல் இருப்பது 250உம் 125உம். இரண்டு போட்டால் அமொக்ஸிசிலின் 500 சரி. அமிலம் 250 ஆகிவிடும். வயிற்றோட்டத்தைக் கூட்டுவது அந்த அமிலந்தான். சாப்பிடத் தொடங்கும்போதே குளிசையைப் போட்டால் வயிறு அவ்வளவு குழம்பாது. ஈரம் பட்டால் கிளாவுலானிக் அமிலம் கெடும். நம் மாரிமழைக்குள் அட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். பிள்ளைகளின் பாணியைத் தண்ணீர் விட்டுக் கலக்கியபின் குளிர்சாதனப் பெட்டியில் 7 நாள் வைக்கலாம், அதற்குமேல் ஊற்றிவிடுங்கள்.

எல்லா மருந்தும் ஒன்றுக்கொன்று துணை போகாது. மூளைக்காய்ச்சல் நோயாளிகளுக்குப் பெனிசிலினோடு ரெற்றாசைக்கிளின் வகை மருந்தொன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது, பெனிசிலின் மட்டும் பெற்றவர்களைவிட அதிகம் பேர் இறந்ததாக அமெரிக்காவில் 1951இலேயே எழுதிவைத்தார்கள். பெனிசிலின் கொல்வது, வளர்ந்து சுவர் கட்டிக்கொண்டிருக்கும் கிருமியை. மற்றது அந்த வளர்ச்சியையே நிறுத்திவிடுகிறது. மிச்சக் குளிசைகளைக் கலந்து போடுபவர்கள் இதை யோசிப்பதேயில்லை.

இனி, வயல் செய்கிறவர்களுக்கு. மெலியோயிடோசிஸ் என்ற கடும் தொற்றுநோயின் கிருமி சேற்றிலும் தண்ணீரிலும் இருப்பது; கால் காயம் வழியாகவும் உள்ளே வரும். நீரிழிவுக்காரருக்கு ஆபத்து மிக அதிகம். அமொக்ஸிசிலின் மட்டும் கொடுத்தால் அதற்கு எடுபடாது. முதலில் குறைந்தது 10 நாள் வைத்தியசாலையில் செவ்டாசிடிம் அல்லது மெரோபெனம் நரம்பூசி. பிறகு குறைந்தது 3 மாதம் கோ-ட்ரைமொக்ஸசோல் குளிசை.

அதுவும் இரட்டை மருந்துதான்: சல்பாமெதொக்ஸசோல் 400, ட்ரைமெதொப்ரிம் 80. பற்றீரியா தான் வளரத் தேவையான போலேற்று என்ற விற்றமினைத் தானே செய்யும். இவை அந்த வேலையின் அடுத்தடுத்த இரண்டு படிகளை மறிக்கின்றன. ஒரே வாய்க்காலுக்கு மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு போட்டதுபோல; மேற்கதவு கசிந்தாலும் கீழ்க்கதவு பிடிக்கும். நாம் போலேற்றைச் சாப்பாட்டிலிருந்து எடுப்பதால் மேற்கதவு நம்மைத் தொடாது.

காய்ச்சல் விட்டதும் இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும், சில நேரம் மாதங்கள் கழித்து. கிளினிக்கில் இரத்தம் எடுப்பது பொட்டாசியம், சிறுநீரகம், இரத்தக் கலங்களைப் பார்க்கத்தான். அந்த நாளைத் தவறவிடாதீர்கள். தோலில் சிவந்த தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மட்டும் அடுத்த குளிசையைப் போடாமல், மருந்துத் துண்டையும் குளிசை அட்டையையும் எடுத்துக்கொண்டு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.