சந்தேகங்களுக்கு விளக்கம்: லிப்எஸ்எஸ்எல் 1.1 இல்லை என்றால் என்ன செய்வது?

அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் உபுண்டு 22.04 லினக்ஸ் வைத்திருக்கிறார். பழைய மென்பொருள் ஒன்றை டார் கோப்பாக இறக்கி, பிரித்து, ஓட்டிப் பார்த்தால் 'லிப்எஸ்எஸ்எல் டாட் எஸ்ஓ டாட் 1.1 கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று நின்றுவிடுகிறதாம். லிப்எஸ்எஸ்எல் என்பது பாதுகாப்பான இணைப்புக்காகப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி, அதாவது பொதுவான நிரல்தொகுதி. "என்னிடம் டாட் எஸ்ஓ டாட் 3 இருக்கிறதே, அதற்கே 1.1 என்று ஒரு சிம்லிங்க், அதாவது வேறு பெயரில் ஒரு இணைப்பு, போட்டால் போதாதா?" என்று கேட்கிறார்.

போதாது. பலரும் சொல்லித்தரும் வழிதான், ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத மாற்றம் வரும்போதுதான் எஸ்ஓவுக்குப் பின்னால் உள்ள எண்ணை மாற்றுவார்கள். கடையின் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டால் உள்ளே இருக்கும் சரக்கு மாறிவிடுமா? உங்கள் மென்பொருள் ஒவ்வொரு ஃபங்ஷனையும் 'ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0' என்ற பதிப்புக் குறியோடு கேட்கும். புதிய லைப்ரரியில் இருப்பதோ 3.0.0 குறி. ஆகவே சிம்லிங்க் போட்டாலும் 'இந்தப் பதிப்பு கிடைக்கவில்லை' என்று வேறொரு பிழை வரும், அவ்வளவுதான். இப்படிக் குறி வைக்காத லைப்ரரிகளில் நிலைமை இன்னும் மோசம். மென்பொருள் திறந்துவிடும், பாதி வேலையில் விழும். ஏற்கெனவே சிம்லிங்க் போட்டிருந்தால் முதலில் அதை அழித்துவிடுங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? டெர்மினலில் எல்டிடி என்று அடித்து, நிரலின் பெயரைக் கொடுங்கள். நிரலுக்கு எந்தெந்த லைப்ரரிகள் வேண்டும், அவை எங்கே இருக்கின்றன என்று அது காட்டும். 'நாட் ஃபவுண்ட்' என்று வரும் வரிகளை மட்டும் பாருங்கள். உங்களுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல்லின் இன்னொரு லைப்ரரியான லிப்கிரிப்டோவும் அதில் இருக்கும். இரண்டும் ஒரே தொகுப்பில்தான் (பேக்கேஜ்) வருகின்றன. அப்புறம் ஒன்று, நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த நிரலில் எல்டிடி ஓட்டாதீர்கள். சில சமயம் அது நிரலையே இயக்கிவிடும். அங்கே, நிரலை இயக்காமல் கோப்பை மட்டும் படித்துக் காட்டும் ஆப்ஜ்டம்ப் போதும்.

எந்தத் தொகுப்பு அந்தக் கோப்பைத் தருகிறது என்று தேட ஆப்ட்-ஃபைல் இருக்கிறது. வழக்கமாக இதிலேயே விடை கிடைத்துவிடும். ஆனால் உங்கள் விஷயத்தில் கிடைக்காது, ஏனென்றால் 22.04இன் மென்பொருள் களஞ்சியத்திலேயே 1.1 கிடையாது. ஆகவே அந்த மென்பொருளின் புதிய பதிப்பையோ, தேவையான லைப்ரரிகளோடு சேர்ந்தே வரும் ஃபிளாட்பேக்கையோ தேடுங்கள். மூலநிரல் கிடைத்தால் உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யலாம்.

எதுவுமே இல்லையென்றால், உபுண்டு 20.04இன் லிப்எஸ்எஸ்எல் 1.1 டெப் கோப்பை (உபுண்டு தொகுப்புகள் வரும் வடிவம்) எடுத்து, நிறுவாமல், டிபிகேஜி-டெப் கட்டளை கொண்டு தனி ஃபோல்டரில் பிரித்து வையுங்கள். அந்த மென்பொருளை ஓட்டும்போது மட்டும், லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி லைப்ரரி பாத் மாறியில் அந்த ஃபோல்டரைக் கொடுங்கள். அதை டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதிவைத்தால், அங்கிருந்து ஓட்டும் மற்ற நிரல்களும் முதலில் அந்த ஃபோல்டரிலேயே லைப்ரரி தேடும். 20.04 களஞ்சியத்தை முழுதாகச் சேர்ப்பதும் வேண்டாம். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. இணையத்தைத் தொடும் மென்பொருள் என்றால் நான் இந்த வழிக்கே போகமாட்டேன்.

கோப்பு இருந்தும் 'இல்லை' என்று வருகிறதா? நீங்களே கம்பைல் செய்து யூஎஸ்ஆர் லோக்கல் லிப்பில் போட்டிருப்பீர்கள். லைப்ரரிகளின் பட்டியலைப் புதுப்பிக்கும் சூடோ எல்டிகான்ஃபிக் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும். 32 பிட் நிரலுக்கு 64 பிட் லைப்ரரி உதவாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் ஓடவில்லை என்றால் எல்டிடி தந்த வரிகளை முழுதாக அனுப்புங்கள், கடைசிப் பிழை வரியை மட்டும் அனுப்பாதீர்கள்.