சீட்டில் துண்டு போடும் தேநீர்

(கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். மூளையை ஆட்டிவைக்கும் செடிச் சரக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும், "கொடைக்கானல் காளானா?" என்று ஒருவர் காதோரம் கேட்டார். இல்லை ஐயா, காலையில் நீங்கள் பறித்துப் போட்ட கொழுந்துதான்.

அதிலுள்ள காஃபீன் ஓர் ஆல்கலாய்டு, அதாவது செடிகள் தயாரிக்கும் நைட்ரஜன் கலந்த வேதிப்பொருள் வகை. 1819இல் ரூங்கே என்ற ஜெர்மானியர் காப்பிக்கொட்டையிலிருந்து அதைப் பிரித்தார். கொட்டையைக் கொடுத்து ஆராயச் சொன்னவர் கவிஞர் கதே. (கவிஞர்களால் இப்படியும் உபயோகம் உண்டு.) செடி இதை நமக்காகச் செய்யவில்லை, பூச்சியை விரட்டச் செய்கிறது. இளசைத்தானே பூச்சி தேடி வரும்? அதனால்தான் முற்றிய இலையைவிடக் கொழுந்தில் காஃபீன் அதிகம்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் நம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். நரம்பு செல்களில் அதற்கென்று உள்ள இருக்கைகளில், அதாவது ஏற்பிகளில், அது போய் உட்கார்ந்தால் கண் சொக்கும். காஃபீனுக்கும் கிட்டத்தட்ட அதே உருவம். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே வேலையைச் செய்யும். துண்டு உட்காராது, அடுத்தவரையும் உட்கார விடாது. டீ தெம்பு தருகிறது என்பதெல்லாம் சும்மா. அசதி அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கிறது, துண்டு எடுக்கும்வரை. குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

சரி, மருத்துவத்துக்கு வருகிறேன். குறைமாதக் குழந்தைகள் சில நேரம் மூச்சுவிடவே மறந்துவிடும். மூச்சை நடத்தும் மூளைப்பகுதி முதிர்ந்திருக்காது. முன்பு இதற்குக் காஃபீனின் உறவுக்காரரான தியோஃபிலின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அதுவும் 1888இல் தேயிலையில் கண்டுபிடிக்கப்பட்டதுதான். இப்போது அந்த மூளைப்பகுதியைத் தட்டியெழுப்பக் கொடுப்பது காஃபீன் சிட்ரேட், அதாவது மருந்து வடிவக் காஃபீன். பிறந்தபோது 1,250 கிராமுக்கு மேல் போகாத சுமார் 2,000 சிசுக்களிடம் பல நாடுகளில் சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். காஃபீன் பெற்ற சிசுக்களுக்கு நுரையீரல் பாதிப்பு குறைவு, சுவாசக் கருவியிலிருந்தும் ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகவே விடுபட்டன. ஒன்றரை வயது தாண்டிப் பார்த்தபோது மூளைவாதமும் (மூளை பாதிப்பால் கைகால் அசைவு கெடுவது) குறைந்திருந்தது.

முன்வரிசையில் ஒரு பாட்டி கையைத் தூக்குகிறார். "அப்போ பாலாடையில ரெண்டு சொட்டு டீ ஊத்தலாமா?"

வேண்டாம் பாட்டி. அது குழந்தையின் எடைக்கு ஏற்ப மில்லிகிராம் கணக்கில், வார்டில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே கொடுக்கிற மருந்து. நமக்கு 5 மணி நேரம் என்றேனே, பச்சைக் குழந்தைக்கு அதே பாதி வெளியேற மூன்று நான்கு நாள் ஆகும்.