அவள் கேட்கமாட்டாள்

(சொந்தக் குடும்பத்தோடு இருக்க முடியாத பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தம் வீட்டில் வைத்து வளர்க்கும் வளர்ப்புப் பெற்றோரின் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். வளர்ப்புப் பராமரிப்பில் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பெண், தன் உடம்பைப் பற்றி உங்களிடம் எதுவும் கேட்கமாட்டாள். கூச்சம் பாதிதான். சொந்தப் பிள்ளை ஏடாகூடமாகக் கேட்டால் திட்டு விழும், அத்தோடு போயிற்று. இவளுக்கோ, 'இதைக் கேட்டால் திரும்பக் குழந்தைகள் இல்லத்துக்கே அனுப்பிவிடுவார்களோ' என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் ஆற்றுப்படுத்துநராக இருந்தபோது ஒரு சிறுமி நான்கு மாதம் கிழிந்த துணியை ஒளித்து வைத்தே மாதவிடாயைச் சமாளித்தாள். அந்த வீட்டு அம்மா நல்லவர். அலமாரியில் நாப்கின் இருந்தது. "வேண்டுமானால் கேட்பாள் என்றிருந்தேன்" என்றார்.

நம் வீடுகளில் இதையெல்லாம் அம்மா சொல்வதே அபூர்வம். அத்தையோ பெரியம்மாவோ கல்யாணமான அக்காவோ காதோடு சொல்வார்கள். அரைகுறையாகத்தான் சொல்வார்கள், அது வேறு கதை. வீடு மாறி மாறி வளரும் பிள்ளைக்கு அந்த அரைகுறையும் கிடையாது. பள்ளியில் அந்தப் பாடம் நடந்த வாரம் அவள் வேறு ஊருக்குப் போயிருப்பாள். வீடு சொல்லியிருக்கும் என்று பள்ளி நினைக்கும். பள்ளி சொல்லியிருக்கும் என்று வீடு நினைக்கும்.

அமெரிக்காவில் இல்லினாய்ஸ், அயோவா, விஸ்கான்சின் மாநிலங்களில் இப்படி வளர்ந்த பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 19 வயதுக்குள் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஒருமுறையாவது கருவுற்றிருந்தார்கள். கலிஃபோர்னியா 2017இல் சட்டம் போட்டது: வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள, பத்து வயது நிறைந்த பிள்ளைக்குப் பாலியல் நலக் கல்வி கிடைத்ததா என்று சமூகப் பணியாளர் ஆண்டுதோறும் பார்த்துக் கோப்பில் குறிக்க வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பொறுப்பு ஓர் ஆளின் தலையில் வந்து உட்கார்ந்தது.

நம்மிடமும் கோப்பு இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுதுகிறோம். உடல்நலம் என்ற இடத்தில் தடுப்பூசி, இரத்தசோகை என்று எழுதிவிட்டு நகர்கிறோம். பருவ மாற்றம், கருத்தரிப்பு, பால்வினை நோய் பற்றி இவளிடம் யார், எந்த மாதம் பேசினார் என்று அங்கேயே ஒரு வரி சேருங்கள். ஆண் பிள்ளையின் கோப்பிலும்தான். அவனுக்குச் சொல்லித் தருவது கைப்பேசி மட்டும் என்றால், அது எதைச் சொல்லித் தரும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் தந்தாக வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். அதை அவளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருக்கிறது. போலீஸ் பயத்தில் போலி மருத்துவரைத் தேடிப் போகும் பிள்ளையை இந்தச் செய்தி தடுத்து நிறுத்தக்கூடும்.

வீட்டுக்குப் போனதும் எதிரே உட்காரவைத்து வகுப்பெடுக்க வேண்டாம். துணி மடிக்கும்போது பேசுங்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை, கைக்கும் வேலை இருக்கும்.

அந்தச் சிறுமியின் அலமாரித் தட்டிலேயே நாப்கினை வைக்கச் சொன்னோம். மூன்றாம் வாரம் அவள் அந்த அம்மாவிடம் வந்து நின்றாள். "வயிறு வலிக்கிறது. இது எல்லாருக்கும் வருமா?"