காலி வண்டிக்கு டீசல் யார் போடுவது? சொந்த லாரிக்காரரின் லோடு கணக்கு

[திரையில்: விடியற்காலை, வான் ரீனன் மலைப்பாதையில் ஏறும் லாரி. பக்கத்தில் வெருலம் அருகே கரும்புக் காட்டு மண்பாதையில் ஒரு லாரி.]

வணக்கம் மக்களே. இந்த இரண்டு வண்டிகளையும் பாருங்கள். இரண்டும் நம் தென்னாப்பிரிக்காவில் ஓடுபவை. இடது பக்கம் இருப்பது டர்பன் துறைமுகத்திலிருந்து உள்நாட்டு ஜோகன்னஸ்பர்க் போகிறது. வலது பக்கம் இருப்பது ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறது, ஓடும் தூரத்தில் சரிபாதி காலியாகவே ஓடுகிறது. மாதக் கடைசியில் இந்தக் கரும்பு லாரிக்காரர் கையில் அதிகப் பணம் நிற்க முடியும். எப்படி என்பதுதான் இன்றைய வீடியோ. முதல் வண்டிக்கு முன்பணம் கட்டப் போகிற தம்பிமார், தங்கைமார் கடைசி வரை இருங்கள்.

அடிப்படை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹார்ஸும் (இழுக்கும் முன் வண்டி) டிரெய்லரும் சேர்த்து ஓட்ட இ.சி. என்ற கனரக இணைப்பு வண்டி உரிமம் வேண்டும், அதோடு தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். பெட்ரோல், ரசாயனம் ஏற்றுவதற்கான அனுமதிக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும். வண்டியும் சுமையும் சேர்ந்து 56 டன்னைத் தாண்டக் கூடாது. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். ஒரு பேச்சுக்கு, கிலோமீட்டருக்கு 30 ராண்ட் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். 17,100 ராண்ட். கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் திரும்பி வர லோடு இல்லை. டீசல், டயர், டோல், வண்டிக் கடன் தவணை எல்லாம் சேர்த்து வண்டிச் செலவு கிலோமீட்டருக்கு 20 ராண்ட் என்று வையுங்கள். போக வர 1,140 கிலோமீட்டருக்கு 22,800. ஒரே நடையில் 5,700 ராண்ட் நஷ்டம்! இன்னொருவர் 23 ராண்ட்தான் தருகிறார், ஆனால் இரு வழிக்கும் லோடு உண்டு. 26,220 வருகிறது, 3,420 மிச்சம். குறைந்த விலை சொன்னவர்தான் உங்களுக்குச் சோறு போடுகிறார்.

என் அனுபவத்தில் துறைமுகத்திலிருந்து மேலே ஜோகன்னஸ்பர்க் பக்கம் போகும் லோடு எளிதாகக் கிடைக்கும், அங்கிருந்து கீழே வரும் லோடைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால் விலையைக் கேட்பதற்கு முன்பு ஒன்று கேளுங்கள்: நான் காலியாகத் திரும்பும் தூரத்துக்கு யார் பணம் தருகிறார்?

[திரையில்: கரும்பு வெட்டு, லாரியில் ஏற்றும் கிரேன்]

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வைத்திருப்பது கரும்பு. எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம், கொஞ்சம் நின்று பேசுவேன்.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்ததே, அதில் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கூட்டி வந்தது பெரும்பாலும் இந்தக் கரும்புக்காகத்தான். அவர்கள் வெட்டிய கரும்பு அன்றும் ஆலைக்குப் போக வேண்டியிருந்தது, இன்றும் போக வேண்டியிருக்கிறது. காட்டிலிருந்து ஆலை 25 கிலோமீட்டர் என்றால், போகும்போது கரும்பு, வரும்போது காலி. ஆலையிலிருந்து காட்டுக்கு ஏற்றி வர எதுவும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். எனவே டன்னுக்கு இவ்வளவு என்று விலை பேசும்போதே திரும்பும் தூரமும் அதற்குள் வந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் உங்கள் தலையில் விழும் காலி ஓட்டம், இங்கே விலையிலேயே இருக்கிறது.

இன்னொரு விஷயம், இதைக் கேட்டபோது நான் அசந்துபோனேன். வெட்டிய கரும்பு சும்மா இருக்காது. நொதிகளும் பாக்டீரியாக்களும் உள்ளே இருக்கும் சர்க்கரையைத் தின்னத் தொடங்கிவிடும். வெயில் ஏற ஏற வேகம் கூடும். இங்கே விவசாயிக்கு வெறும் எடைக்குப் பணம் கிடையாது, அந்தக் கரும்பிலிருந்து எவ்வளவு சர்க்கரை மீட்க முடியும் என்ற மதிப்புக்குத்தான் பணம். அதாவது உங்கள் லாரி ஒரு நாள் தாமதித்தால் அவர் வருமானம் குறைகிறது. சொன்ன நேரத்துக்கு வரும் லாரிக்காரரை அவர் அடுத்த வருடமும் விடமாட்டார். இரும்புக் கம்பி ஏற்றுகிறவருக்கு இந்தப் பிடிமானம் கிடைக்காது!

கெட்டதையும் சொல்ல வேண்டும். அறுவடை சுமார் ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரைதான். மழை பெய்தால் காட்டுக்குள் வண்டி இறங்காது. மண்பாதை டயரைத் தின்னும். அப்புறம், ஒரே ஆலையை நம்பி இருப்பீர்கள். 2022 அக்டோபரில் டோங்காட் ஹியூலெட் சர்க்கரை நிறுவனம் கடன் சிக்கலில் வணிக மீட்பு நடைமுறைக்குள் (நிறுவனத்தை மூடாமல் காப்பாற்றும் சட்ட வழி) போனபோது டர்பனுக்கு வடக்கே உள்ள கரையோரத்தில் எத்தனை வீடுகளில் தூக்கம் போனது என்று எங்கள் பக்கத்து ஆட்களைக் கேளுங்கள். அதனால் ஒரே வண்டி வைத்திருப்பவர் ஜனவரி முதல் மார்ச் வரைக்கான வேலையை முன்பே பேசி வைக்காமல் கரும்புக்குள் இறங்கக் கூடாது என்பது என் கருத்து.

அந்த மாதங்களை ஆரஞ்சுப் பழம் நிரப்புமா? நிரப்பாது. அதன் பருவமும் கரும்போடு சேர்ந்தேதான் வருகிறது. தவிர, குளிர்பதனப் பெட்டி தனியாக டீசல் குடிக்கும்.

நிலக்கரி: ரயில் தடுமாறுவதால் சாலைக்கு வந்த லோடு இது, ரயில் தேறினால் திரும்பிப் போய்விடும். அதை நம்பி ஐந்து வருடத் தவணை எடுக்காதீர்கள்.

கன்டெய்னர்: டர்பன் துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலையில் நிற்கும் லாரி வரிசையைப் பார்த்திருப்பீர்கள். நிற்கும் மணிக்குப் பணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று, மனதில் இன்னும் இருப்பது. இரண்டாம் வருடம் ஒரு தரகர் 60 நாளில் பணம் என்றார். வந்தது 110ஆம் நாள். டீசலுக்கு அன்றன்றே பணம் கொடுத்தேன், ஓட்டுநருக்கு வெள்ளிக்கிழமை தோறும் கொடுத்தேன். தவணை இரண்டு மாதம் நின்றது. வங்கிக் கடிதத்தை அம்மா பிரித்துப் படித்துவிட்டார். அன்று முதல், பணம் 30 நாளைத் தாண்டும் லோடுக்கு நான் வண்டி அனுப்புவதில்லை, விலை எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

சரி, இப்போது உங்கள் முறை. உங்களுடைய கடைசி நான்கு நடைகளைக் கீழே எழுதுங்கள்: லோடோடு ஓடிய தூரம், காலியாக ஓடிய தூரம், நின்ற மணி, பணம் வந்த நாள். நான் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பதில் எழுதுகிறேன்.