பிறந்த நிலையா, பெற்ற கல்வியா? – ‘பிறந்த நிலையே’ அணியின் உரை

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘மலையகத் தமிழரின் வாழ்வைப் பெரிதும் தீர்மானித்து வந்திருப்பது பிறந்த நிலையா, பெற்ற கல்வியா?’ என்பது இன்றைய தலைப்பு. பிரித்தானியர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு, பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களுக்கு, வேலைக்கு வந்தவர்களின் வழிவந்தவர்களே மலையகத் தமிழர். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், தோட்டத்தில் பிறந்து மருத்துவரானவர்களையும் சட்டத்தரணிகளையும் பேராசிரியர்களையும் அடுக்கிக்காட்டி, ‘படித்தவன் மலையை விட்டு இறங்கிவிட்டான், படிக்காதவன்தான் இன்னும் கூடையோடு நிற்கிறான்’ என்று முடித்தார். கைதட்டலும் பெற்றார், நானும் தட்டினேன். ஆனால் இறங்கியவர்களை எண்ணிக் காட்டிய அவர், அந்தப் பள்ளிக்கூடத்து வாசலுக்கு யாரால் போய்ச் சேர முடிந்தது என்பதை மட்டும் சாமர்த்தியமாகத் தாண்டிப் போய்விட்டார். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1945ஆம் ஆண்டு, கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் முயற்சியால் இந்த நாட்டில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. தென்னிலங்கையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு மேலேறிய அதே காலத்தில், தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. ஒரே மண்டபம், பெரும்பாலும் ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு என்பதுதான் அவற்றின் நிலை. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதுவரை ஆரம்பக் கல்விக்கு அப்பால் போனவர்களில் பலர் யார் என்று பார்த்தால், தொழிலாளரைத் திரட்டி வந்து மேற்பார்த்த பெரிய கங்காணியின் பிள்ளையும், வேலைக் கணக்கைப் பார்த்த கணக்கப்பிள்ளையின் பிள்ளையுமாகத்தான் இருக்கிறார்கள். ஆள் கட்டி வந்ததற்காகத் தலைக்காசு வாங்கிய வீட்டில் நகரத்துக் கல்லூரிக்குக் கட்டணம் கட்டப் பணம் இருந்தது. அந்த ஆளாக வந்தவன் வீட்டில் கடன் இருந்தது. எங்கள் மக்களுக்குள்ளேயே இருந்த இந்த ஏற்றத்தாழ்வைச் சொல்ல எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: எதிரணியினர் கொண்டாடும் கல்வியே முதலில் பிறந்த நிலையைப் பார்த்துத்தான் பந்தி வைத்தது.

அடுத்து, குடியுரிமை. 1947 பொதுத்தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். மறு ஆண்டே வந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்பதையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்பதையோ நிரூபிக்கச் சொன்னது. மலைக்காட்டில் பிரசவமான பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒன்பதே முக்கால் இலட்சம் மனிதர்களைக் கணக்கெடுத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டன. நடுவர் அவர்களே, இந்தப் பாகப்பிரிவினையில் எவரிடமாவது ‘நீ எத்தனையாம் வகுப்பு வரை படித்தாய்’ என்று கேட்டார்களா? தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்குப் போனவர்கள், இங்கே இருந்த வரையில் இந்தியாக்காரர்கள்; அங்கே இறங்கியதும் சிலோன்காரர்கள். பள்ளிக்கூடம் போனவனுக்கும் போகாதவனுக்கும் அந்தப் பெயர் ஒன்றுதான்.

‘அதெல்லாம் முடிந்த கதை, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றவர் பிரச்சினை தீர்ந்துவிட்டது’ என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். 1948இல் எடுத்ததை 2003இல் திருப்பிக் கொடுத்ததை நானும் வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் தொடாத ஒன்று இருக்கிறது. அதுதான் லயத்துக் காம்பரா, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டின் ஓர் அறை.

பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது சிறு திண்ணை, பக்கத்துக் காம்பராவில் இருமினால் இந்தக் காம்பராவில் தூக்கம் கலையும் சுவர். அந்த அறைக்குக் குடும்பத்திடம் உறுதிப்பத்திரம் இல்லை. அது தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட வேண்டும், அதாவது நாள் வேலைக்குப் போக வேண்டும் என்பதே நீண்டகால வழக்கம். எனவே தகப்பன் ஓய்வு பெறும்போது, தாய்க்கு முழங்கால் போகும்போது, அந்த வீட்டில் எழும் கேள்வி அடுத்த பிள்ளை என்ன படிக்கப்போகிறது என்பது அல்ல; அடுத்து யார் மலைக்குப் போவது என்பதுதான். பிறப்பு எப்படித் தொழிலாக மாறுகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான பொறிமுறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தத் தொழிலையும் சற்று அருகில் நின்று பாருங்கள். காலையிலிருந்து அட்டைக்கடியோடு பறித்த கொழுந்தைத் தராசில் ஏற்றினால், சாக்கின் எடைக்கென்றும் இலையின் ஈரத்துக்கென்றும் கழித்துக்கொண்டு மீதியைத்தான் துண்டில் எழுதுவார்கள். நிர்வாகம் விதித்த கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம். 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காகப் பல ஆண்டுகள் தெருவில் நின்று, 2021இல்தான் அது வர்த்தமானியில், அதாவது அரசிதழில், வந்தது. வருவதற்குள் விலைவாசியும் ஏறிப் போயிருந்தது. அரைப்பேர் விழுந்த வாரத்தில் பிள்ளையின் தனியார் வகுப்புக் காசு எங்கிருந்து வரும்? கல்வி தீர்மானிக்கும் என்கிறார்கள். கல்வியையே தராசு முள் தீர்மானிக்கிறது என்கிறேன் நான்.

சரி, இத்தனையையும் தாண்டி ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அவளுக்கு வரும் நேர்முகத் தேர்வுக் கடிதம் பல தோட்டங்களில் இன்றும் தோட்ட அலுவலகத்தில் இறங்கி, யாராவது லயத்துப் பக்கம் போகும்போது கைமாறி வருகிறது. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கடிதம் கிடைத்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். கெட்டிக்காரிக்கும் வீட்டிலக்கம் வேண்டும். அவள் பிறந்த லயத்துக்கு அது இல்லை.

அவள் கொழும்புக்கே போய் உத்தியோகம் பார்க்கிறாள் என்றும் வைத்துக்கொள்வோம். ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்டால் கண்டி என்பாள், நுவரெலியா என்பாள். தோட்டத்தின் பெயர் வாயில் வராது. ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏச்சு எந்தத் திசையிலிருந்தும் வரலாம் என்று அவளுக்குத் தெரியும். சிங்களவரிடமிருந்து மட்டுமல்ல, தமிழரிடமிருந்தும் வரும். 1963 குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’, அதாவது பதிவேட்டில் மலையகத் தமிழருக்கு இருந்த பெயர், 11 இலட்சத்துக்கு மேல். 2012இல் 8 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. இடையில் கப்பலேறிப் போனவர்கள் ஒரு பெரிய காரணம். இங்கேயே இருந்துகொண்டு, பதிவேட்டில் ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதிக்கொண்டவர்கள் இன்னொரு காரணம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதிரணித் தலைவர் ‘இறங்கிவிட்டான்’ என்று பெருமையோடு சொன்ன மனிதன், இறங்கிய பிறகும் தன் பிறப்பை மறைக்க வேண்டியிருக்கிறதென்றால், அவன் வாழ்வை எது ஆள்கிறது?

2023இல், முன்னோர் வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த நடையில் ஆசிரியர்களும் இருந்தார்கள், பட்டதாரிகளும் இருந்தார்கள். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் காணியும் வீடும் சமமான குடிமக்களாக மதிக்கப்படுவதும் இருந்தன. படிப்பே எல்லாவற்றையும் தந்துவிட்டதென்றால், படித்தவர்கள் அத்தனை தூரம் நடந்து இவற்றைக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

எனக்கு அடுத்து வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மகள் பட்டதாரியாகிவிட்டாள் என்று ஒரு தாய் நாளைக் காலை கூடையை இறக்கி வைத்து, அந்த வீட்டிலிருந்து வேறெவரும் பேர் போடாவிட்டால், அந்தக் காம்பரா அவர்களுக்கு எத்தனை நாளைக்கு? இதற்கு விடை சொல்லிவிட்டு அவர் தன் வாதத்தைத் தொடங்கட்டும். வாய்ப்பளித்த நடுவர் அவர்களுக்கு நன்றி.