பலனை அடைந்து தீர்ந்தது

அன்பான நேயர்களே, வணக்கம்.

மத்தேயு சுவிசேஷம் 6-ஆம் அதிகாரத்தில் ஒரே தீர்ப்பு மூன்று தடவை வருகிறது. தர்மத்தைப் பற்றி 2-ஆம் வசனத்தில், ஜெபத்தைப் பற்றி 5-ஆம் வசனத்தில், உபவாசத்தைப் பற்றி 16-ஆம் வசனத்தில். மனுஷர் காணவேண்டும் என்று இவற்றைச் செய்கிறவர்கள் தங்கள் பலனை “அடைந்து தீர்ந்தது” என்கிறார் இயேசு. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘அபெகோ’ என்ற வினைச்சொல். இது கடைவீதிச் சொல். எகிப்தில் கிடைத்த பழைய பாப்பிரஸ் ரசீதுகளில் பணம் வாங்கியவர் எழுதிக்கொடுப்பது இதைத்தான்: முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை.

கவனியுங்கள், மனிதர் தரும் புகழ் போலிக்கூலி என்று இங்கே சொல்லப்படவில்லை. அது கூலிதான். கைக்கு வந்துவிட்டது, ரசீதும் எழுதியாயிற்று. அதே வேலைக்குப் பிதாவிடம் போய் இன்னொரு தடவை கூலி கேட்க வழியில்லை, அவ்வளவுதான். ‘மாயக்காரர்’ என்று நம் வேதாகமத்தில் இருக்கும் சொல்லும் கிரேக்கத்தில் மேடை நடிகரைக் குறித்தது. பார்க்க ஆள் இல்லாவிட்டால் நடிகருக்கு அங்கே வேலை இல்லை.

இதைப் படித்ததும் சிலர் எல்லாவற்றையும் ஒளிக்கத் தொடங்குவார்கள். ஆனால் அதே மலைப்பிரசங்கத்தில், ஒரு அதிகாரம் முன்னால், மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் காணட்டும் என்றும் இருக்கிறது. முரண்பாடு இல்லை. 5:16-இல் கண்டவர்கள் பிதாவை மகிமைப்படுத்துகிறார்கள். 6:1-இல் செய்கிறவர் தம்மைக் காணவேண்டும் என்றே செய்கிறார். பாடல் நடத்துகிறவரும் பிரசங்கிக்கிறவரும் திரைக்குப் பின்னால் நின்று ஊழியம் செய்ய முடியாது. கேள்வி கண் பட்டதா என்பதல்ல; கண் படாவிட்டால் அந்த வேலையை விட்டுவிடுவோமா என்பது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்ற வசனத்தைக் காட்டிக் காணிக்கைக் கணக்கை மறைப்பவர்கள் உண்டு. அது தாழ்மை அல்ல. எருசலேம் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாளாகக் கையாளவில்லை. தீத்துவோடு சபைகள் தெரிந்துகொண்டவரையும் சேர்த்தே அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8-இல் காரணமும் எழுதினார். கொடுத்தவர் பெயர் அந்தரங்கமாக இருக்கட்டும். எண்ணுகிற இடத்தில் குறைந்தது இரண்டு பேர் உட்கார்ந்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். எருசலேம் ஆலயத்திலும் இரண்டுக்கும் இடம் இருந்தது. எல்லாரும் பார்க்கப் போடும் 13 காணிக்கைப் பெட்டிகளையும் யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா குறிப்பிடுகிறது; ஒருவர் இரகசியமாய்க் கொண்டுவந்து வைக்க, கௌரவமான குடும்பத்து ஏழை இரகசியமாய் எடுத்துப்போகும் தனி அறையையும் குறிப்பிடுகிறது.

சரி, எங்கே தவறிப்போகிறோம்? பெரும்பாலும் செய்யும்போது அல்ல, செய்து முடித்த பிறகு. வேலை நடக்கும்போது கை நிறைய வேலை இருக்கும். புகழைப் பற்றி நினைக்க நேரம் இருக்காது. முடிந்த மறுநாள்தான் நாக்கு அரிக்கும். அதுவும் நேராகப் பீற்றிக்கொள்ள மாட்டோம். “ஜெபத்தில நினைச்சுக்கோங்க, இந்த வாரம் மூணு கூட்டம், தூக்கமே இல்லை” என்போம். பக்கத்தில் இருப்பவர் “ஐயோ, எவ்வளவு பாடுபடுறீங்க!” என்பார். கூலி வந்துவிட்டது, ஜெப விண்ணப்பம் என்ற பெயரில். ஜெபம் உண்மையாகவே வேண்டுமானால் தேவையை மட்டும் சொல்லலாம்: உடம்பு தளர்ந்திருக்கிறது, ஜெபியுங்கள். மூன்று கூட்டம் என்ற எண்ணிக்கை எதற்கு?

புகழ் தானாக வந்தால்? “நன்றி” என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். கூட உழைத்தவர் இருந்தால் அவர் பெயரையும் ஒரு தடவை சொல்லுங்கள். “நான் ஒன்றுமே செய்யலையே” என்று மறுத்தால், எதிரில் இருப்பவர் மரியாதைக்காக இரண்டாம் தடவை புகழ்ந்தே ஆகவேண்டும். மறுப்பு பல நேரங்களில் மறுபடி கேட்பதுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய, புகழ் வராத நாளைப் பாருங்கள். நன்றியுரையில் உங்கள் பெயர் விடுபட்டது, அல்லது உங்கள் வேலைக்கு இன்னொருவர் பெயர் வாசிக்கப்பட்டது. ஒரு நிமிஷம் சுருக்கென்று இருந்தால் அது மனித இயல்பு. மறுவாரம் அந்த வேலைக்குப் போக மனம் வரவில்லை என்றால், கூலி எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்று தெரிந்துவிடும்.

5-ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்காக எழுதிய யோவான் காசியன் வீண்பெருமையை வெங்காயத்துக்கு ஒப்பிட்ட மூத்தோர் சொல்லைக் குறித்து வைத்திருக்கிறார். ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொரு தோல். நல்ல உடுப்பில் பெருமை கொண்டவர் அதை விட்டால், எளிய உடுப்பில் பெருமை வரும். பேச்சை விட்டால் மௌனத்தில் வரும். இடதுகை என்பது பக்கத்து வீட்டுக்காரரின் கை அல்லவே, நம்முடையதுதான். ஒளித்துச் செய்ததைத் தனியே உட்கார்ந்து மறுபடி மறுபடி நினைத்து ரசிக்கிறவர் இடதுகைக்குச் சொல்லிவிட்டார்.

இதற்கு மனதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பது வைத்தியமாகாது. அது இன்னும் கொஞ்சம் நம்மையே பார்ப்பதுதான். வைத்தியம் அடுத்த வேலை. கடைசி இராப்போஜனத்தில் தங்களில் யார் பெரியவன் என்ற வாக்குவாதம் நடந்தது என்கிறார் லூக்கா. யோவான் 13-இல் இயேசு எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டை அரையில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து, சீஷரின் கால்களைக் கழுவுகிறார். 6-ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்குமுறை எழுதிய பெனடிக்ட் இதை மடத்துச் சமையலறையின் வாரமுறை வேலையோடு இணைத்தார். சமையல் முறை முடிகிறவர் சனிக்கிழமை துப்புரவு செய்வார், சகோதரர்கள் கைகால் துடைத்த துண்டுகளைத் துவைப்பார். பிறகு அடுத்த முறைக்கு வருகிறவரும் அவரும் சேர்ந்து எல்லார் கால்களையும் கழுவுவார்கள். பாத்திரங்களைச் சுத்தமாக, உடையாமல் பண்டகசாலைக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் கொடுத்தது எது, திரும்பி வந்தது எது என்று பார்த்து, புதியவர் கையில் கொடுப்பார்.